பிடித்தவர் யார், விடவேண்டியவர் யார்? கெர்னல் வலையமைப்பு நிரலைப் பராமரிப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலில் வலையமைப்புப் பகுதியைப் பராமரிப்பவர்களுக்கும், அதற்குப் பேட்ச் என்ற நிரல் திருத்தங்களை அனுப்புகிறவர்களுக்கும், அந்த நிரலைத் தங்கள் பொருட்களில் ஏற்றி விற்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

"அன்ரெஜிஸ்டர்_நெட்டிவைஸ்: வெயிட்டிங் ஃபார் லோ டு பிகம் ஃப்ரீ. யூசேஜ் கவுண்ட் = 1." லினக்ஸில் கண்டெய்னர்களை, அதாவது தனித்தனியாகப் பிரித்து வைத்த நிரல் சூழல்களை, ஓட்டியவர்களில் பலருக்கு இந்த வரி மனப்பாடம். பத்து நொடிக்கு ஒரு முறை திரையில் வந்து விழும். லோ என்ற லூப்பேக் சாதனத்தை (கணினி தன்னோடு தானே பேசப் பயன்படும் வலைச் சாதனம்) அழிக்கவேண்டும், ஆனால் யாரோ அதை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், ஒரு பிடி பாக்கி இருக்கிறது என்று கெர்னல் சொல்கிறது. அந்த யாரோ யார் என்று சொல்வதில்லை. சொல்ல அதற்குத் தெரியாது. கையில் இருப்பது ஒரு எண் மட்டும்தான்.

நான் பல ஆண்டுகள் சர்வர்களைக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருந்தவன். ஓர் இரவு புதிய கண்டெய்னர் எதுவும் எழும்பவில்லை. பழைய நெட்வொர்க் நேம்ஸ்பேஸை (ஒரு கண்டெய்னருக்கென்று பிரித்த தனி வலையமைப்பு) அழிக்கும் வேலை இந்த வரியோடு நடுவழியில் நின்றுவிட்டது. புதிதாக ஒன்றை உருவாக்கும் வேலைகள் எல்லாம் அதன் பின்னால் வரிசை கட்டி நின்றன. ரீபூட் செய்தோம், சரியானது. மூன்று நாளில் திரும்பி வந்தது. மறுபடி ரீபூட். வாரக்கணக்கில் இப்படியே ஓடியது. அப்புறம்தான் வேறு வழியில்லாமல் கெர்னல் நிரலைப் படிக்க உட்கார்ந்தேன்.

படித்தபோது முதலில் தெரிந்தது, லோ குற்றவாளியே இல்லை என்பது. அன்றைய கெர்னலில் ஒரு சாதனம் போகும்போது, அதைச் சுட்டிக்கொண்டிருந்த, தரவு போகும் வழியைச் சொல்லும் ரூட்டிங் பதிவுகளில் மிச்சமானவை அந்த நேம்ஸ்பேஸின் லோ பெயருக்கு மாற்றி எழுதப்படும். எங்கோ ஒரு மூலையில் ஒரு பதிவு விடப்படாமல் கசிந்திருந்தால், அந்தப் பாரம் கடைசியில் லோ தலையில் வந்து விடியும். 2019இல் வந்த 5.3 பதிப்பிலிருந்து அவை பிளாக்ஹோல் என்ற பொதுவான போலிச் சாதனத்துக்கு மாற்றப்படுகின்றன. அதனால் நேம்ஸ்பேஸ் சிக்கிக்கொள்வது குறைந்தது. ஆனால் கசிவு கசிவுதான்.

நான் உங்களிடம் கேட்க வந்தது ஒரே ஒரு விஷயம். ரெஃப்கவுண்ட் பக் ஒன்றை, அதாவது இந்தப் பிடிகளின் எண்ணிக்கையில் வரும் பிழையை, திருத்தும்போது எண்ணிக்கையை மட்டும் நேராக்கிவிட்டு நகராதீர்கள். அந்தப் பிடியை எடுத்தது யார், அது யாருடையது, எந்தப் பாதையில் யார் அதை விடவேண்டும் என்பதை நிரலிலும் பேட்ச் குறிப்பிலும் எழுதிவையுங்கள். எழுதாத பேட்சை ஏற்காதீர்கள்.

பழக்கமில்லாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கெர்னலில் ஒரு சாக்கெட்டையோ (இணைப்பின் ஒரு முனை) சாதனத்தையோ பாக்கெட்டையோ (அனுப்பும் தரவின் ஒரு துண்டு) ஒரே நேரத்தில் பலர் பயன்படுத்துவார்கள். எப்போது அழிக்கலாம் என்று தெரிய ஒவ்வொன்றிலும் ஓர் எண் இருக்கும். பயன்படுத்த ஆரம்பிக்கிறவர் எண்ணை ஒன்று கூட்டுவார், முடித்தவர் ஒன்று குறைப்பார். பூஜ்ஜியத்துக்கு வந்ததும் நினைவகம் விடுவிக்கப்படும். கூட்டுவதற்கு ஹோல்ட், கெட் என்றும் குறைப்பதற்குப் புட் என்றும் பெயர். குறைக்க மறந்தால் அந்தப் பொருள் என்றைக்கும் அழியாது. ஒன்று அதிகமாகக் குறைத்தால், இன்னொருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அவர் கையிலிருந்து நினைவகம் பறிபோகும். அந்த இடத்தில் வேறு ஏதோ வந்து உட்காரும். தாக்குதல் நடத்துகிறவர்களுக்கு அதைவிடப் பெரிய வாசல் கெர்னலில் அபூர்வம்.

கைமாற்றாகப் பணம் வாங்குவோமே, அதுமாதிரிதான் இந்தக் கணக்கு. சீட்டு இல்லை, சாட்சி இல்லை. மொத்தம் எவ்வளவு வெளியே நிற்கிறது என்று மட்டும் தெரியும், யாரிடம் நிற்கிறது என்று தெரியாது. கணக்கு இடிக்கும்போது, யார் கட்டவேண்டும் என்று கேட்காமல் அகப்பட்ட ஒருவரைக் கட்டச் சொன்னால் தொகை என்னவோ நேராகிவிடும். அப்புறம் உண்மையிலேயே வாங்கியவரும் வந்து கட்டுவார். கெர்னலில் அந்த இரண்டாவது கட்டணத்தின் விளைவுக்குப் பெயர்தான் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ, அதாவது விடுவித்த நினைவகத்தைப் பயன்படுத்துவது.

இதை நானே செய்திருக்கிறேன். பழைய புரோட்டோகால் ஒன்றில் இணைப்பு பாதியில் முறியும் பாதையில் சாக்கெட் கசிவதைக் கண்டேன். கூட்டல்களை எண்ணினேன், கழித்தல்களை எண்ணினேன், ஒரு புட் குறைந்தது. அந்தப் பிழைப்பாதையின் (ஏதாவது தோற்றால் நிரல் போகும் வழி) கடைசியில் ஒரு வரி சேர்த்தேன். சோதித்தேன், கசிவு நின்றது. பேட்ச் அனுப்பினேன், ஏற்றுக்கொள்ளப்பட்டது. சில வாரங்கள் கழித்து வேறொருவரின் சோதனை இயந்திரத்தில், நினைவகத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் கேசன் கருவி அதே சாக்கெட்டில் யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்று கத்தியது.

நடந்தது இதுதான். சாக்கெட் டைமருக்கென்று ஒரு வழக்கம் இருக்கிறது. டைமரை ஓடவிடும்போது அது தனக்கென்று ஒரு பிடி எடுத்துக்கொள்ளும். டைமர் வெடித்தால், அதாவது அதன் நேரம் முடிந்தால், அப்போது ஓடும் ஹேண்ட்லர் என்ற நிரலே அந்தப் பிடியை விடும். வெடிக்கும் முன் நாம் நிறுத்தினால், நிறுத்தியவர் விடவேண்டும். இந்த இரண்டையும் சேர்த்துக் கவனித்துக்கொள்ளத்தான் எஸ்கே_ஸ்டாப்_டைமர் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. டைமர் உண்மையிலேயே நிலுவையில் இருந்ததா என்று பார்த்து, இருந்தால் மட்டும் பிடியை விடும். அந்தப் பழைய நிரலில் யாரோ அதைப் பயன்படுத்தாமல் வெறும் டெல்_டைமரை அழைத்திருந்தார்கள். டைமர் நிறுத்தப்பட்டது, அதன் பிடி அப்படியே நின்றுபோனது. நான் சேர்த்த புட், டைமர் நிலுவையில் இருந்த தருணங்களில் கணக்கை நேராக்கியது. டைமர் ஏற்கெனவே வெடித்து, ஹேண்ட்லர் தன் பிடியைத் தானே விட்டிருந்த அபூர்வத் தருணங்களில், என்னுடைய புட் அடுத்தவருடைய பிடியை விட்டது.

சரியான திருத்தம் ஒரு சொல் மாற்றம்தான். டெல்_டைமர் இருந்த இடத்தில் எஸ்கே_ஸ்டாப்_டைமர். அந்தப் பிடி டைமருடையது என்று முதலிலேயே கேட்டிருந்தால் எனக்கே அது தெரிந்திருக்கும். நான் எண்ணத்தான் செய்தேன், கேட்கவில்லை. மறுஆய்வு செய்தவரும் கேட்கவில்லை. அவரைக் குறை சொல்லவில்லை. என் குறிப்பில் இருந்தது "விடுபட்ட புட் சேர்க்கப்பட்டது" என்ற ஒரே வரி. அதை வைத்துக்கொண்டு அவர் என்னதான் கேட்பார்?

இது என் ஒருவனுடைய தவறாக இருந்திருந்தால் திறந்த மடல் எழுதவேண்டியதில்லை. பதிவில் இருக்கும் வரலாற்றைப் பாருங்கள்.

டிசிசிபி என்ற வலையமைப்பு புரோட்டோகாலில் 2017 பிப்ரவரியில் வெளிவந்த பக், சிவிஇ-2017-6074 (சிவிஇ என்பது பாதுகாப்புக் குறைகளுக்குத் தரும் பொது எண்). இணைப்புக் கோரிக்கை பாக்கெட் வரும்போது ஐபிவி6 பக்கம் அதைப் பின்னால் பயன்படுத்த எடுத்து வைத்துக்கொண்டு, முறையாக எண்ணைக் கூட்டியது. அதை அழைத்த நிரலோ எண்ணைப் பார்க்காமலே நினைவகத்தை விடுவிக்கும் அடிமட்ட ஃபங்ஷனைக் கூப்பிட்டது. கூட்டியவர் செய்தது சரி. எண்ணைப் பார்க்காமல் அழித்தவர், இந்தப் பாக்கெட் இன்னும் என்னுடையது மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டார். இந்த நிரல் 2005இல் எழுதப்பட்டது. பதினோரு ஆண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படவில்லை. திருத்தம், எண்ணை மதிக்கும் கன்ஸ்யூம்_எஸ்கேபி என்ற ஃபங்ஷனுக்கு மாறியது. அந்த மாற்றத்தின் பின்னால் இருப்பது உரிமை பற்றிய ஒரு தெளிவு: இங்கிருந்து இந்தப் பாக்கெட்டுக்கு இரண்டு பேர் சொந்தம்.

அமெச்சூர் ரேடியோவுக்கான ஏஎக்ஸ்.25 பகுதியின் கதை எனக்கு இன்னும் நெருக்கமானது. 2022 ஜனவரியில் அங்கே யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீயைத் தடுக்க, அதன் சாதன அமைப்புக்குப் புதிதாக ரெஃப்கவுண்ட் சேர்த்தார்கள். நல்ல நோக்கம், அவசியமான வேலையும்கூட. ஆனால் எந்தெந்தப் பாதை அந்தப் பிடியை எடுக்கிறது, எது விடவேண்டும் என்பது முழுதாக வரையறுக்கப்படவில்லை. அதே மாற்றத்தைக் காரணமாகக் குறிப்பிட்டு, கசிவுத் திருத்தங்கள் 2024இலும் வந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் பிரிகிற போர்வை மாதிரி இரண்டு ஆண்டுகள்.

ஃப்ரீபிஎஸ்டி என்ற வேறொரு இயங்குதளத்திலும் இதே நோய் உண்டு. 2019 பிப்ரவரியில் வந்த அறிவிப்பைச் சொல்லலாம். ஒரே கணினியில் நிரல்களை இணைக்கும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகக் கோப்பு விவரிப்பிகளை (திறந்த கோப்புகளைக் குறிக்கும் எண்கள்) அனுப்பும்போது, வாங்குகிறவரின் இடம் போதவில்லை என்றால் மிச்சத்தைக் கெர்னலே மூடவேண்டும். விவரிப்பிகள் கசியக்கூடாது என்பதற்காகவே 12.0 பதிப்பில் அந்த நிரல் இருந்தது. மூடிய அந்த நிரல், மூடுவதற்காகத் தான் எடுத்த பிடியை விட மறந்தது. கசிவைத் தடுக்க எழுதியதிலேயே கசிவு. திரும்பத் திரும்ப அழைத்தால் எண் ஒரு சுற்றுச் சுற்றிப் பூஜ்ஜியத்துக்கு வந்து, பயன்பாட்டில் இருக்கும் கோப்பு விடுவிக்கப்பட்டுவிடும்.

கசிவுதானே, நினைவகம் கொஞ்சம் வீணாகும், அவ்வளவுதானே என்று சொல்கிறவர்களுக்கு மேலே சொன்னதே பதில். வலையமைப்புக்கு வெளியே, 2016 ஜனவரியில் லினக்ஸில் ரகசியச் சாவிகளை வைத்திருக்கும் கீரிங் பகுதியிலும் இதைப் பார்த்தோம். பாதியில் திரும்பும் ஒரு பாதையில் ஒரு புட் இல்லை. எண் 32 பிட். 4,29,49,67,296 முறை கசியவிட்டால் மறுபடி பூஜ்ஜியம். பொறுமையான ஒரு நிரலால் அது முடியும் என்று காட்டினார்கள். சாதாரணப் பயனருக்கு ரூட் என்ற முழு அதிகாரம் கிடைத்தது.

அதற்கு அடுத்த ஆண்டு, 4.11 பதிப்பில் ரெஃப்கவுண்ட்_டி என்ற தனி வகை வந்தது. எண் எல்லையைத் தொட்டால் சுற்றாமல் அங்கேயே உறைந்து நிற்கும். பூஜ்ஜியத்திலிருந்து கூட்டினாலும், பூஜ்ஜியத்துக்குக் கீழே குறைத்தாலும் எச்சரிக்கை தரும். அதே ஆண்டு சாக்கெட்டும் பாக்கெட்டும் அந்த வகைக்கு மாற்றப்பட்டன. அந்த வேலையைச் செய்தவர்களுக்கு நாம் எல்லோரும் கடன்பட்டிருக்கிறோம். வேகம் குறையும் என்று அப்போது எழுந்த எதிர்ப்பைத் தாண்டி அதைக் கொண்டுவந்தார்கள். ஆனால் உறைந்து நிற்கும் எண், தாக்குதலைக் கசிவாக மாற்றுகிறது, அவ்வளவுதான். விழுந்தவரைத் தாங்கும் வலை அது. ஏன் விழுந்தார் என்பது அப்படியே இருக்கிறது.

வலையமைப்பில் இது ஏன் இவ்வளவு கடினம் என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் கேட்பதுண்டு. சாதனம் எந்த நொடியிலும் பிடுங்கப்படலாம். பாக்கெட் ஒரு சிபியூவில் வந்து இன்னொன்றில் முடியும். டைமர் ஒருபக்கம், பணிவரிசை ஒருபக்கம். எல்லாவற்றுக்கும் மேல் வேகம். ஒரு பாக்கெட்டுக்கு ஒரு பூட்டு என்று வைத்தாலே தாங்காது என்பதால், பூட்டே இல்லாமல் ஆர்சியு என்ற முறையில் தேடுகிறோம்.

டிசிபி இணைப்பைத் தேடும் பாதையை ஒரு தரம் மெதுவாகப் படித்துப் பாருங்கள், எவ்வளவு நுணுக்கம் என்று புரியும். ஹேஷ் அட்டவணையில் சாக்கெட்டைக் கண்டுபிடிக்கிறோம். கண்டுபிடித்த நொடியில் அது செத்துக்கொண்டிருக்கலாம். அதனால் சும்மா கூட்டக்கூடாது, எண் பூஜ்ஜியமாக இல்லாவிட்டால் மட்டும் கூட்டவேண்டும். கூட்டியாயிற்று, பிடி கிடைத்துவிட்டது. இப்போதாவது நம்பலாமா? கூடாது. அந்த நினைவகத் துண்டு இதற்குள் விடுவிக்கப்பட்டு, வேறொரு இணைப்புக்கான புதிய சாக்கெட்டாக மறுபடி பிறந்திருக்கலாம். வகை அதேதான், ஆள் வேறு. அதனால் பிடி எடுத்த பிறகு முகவரியையும் போர்ட்டையும் இன்னொரு தரம் ஒப்பிட்டு, பொருந்தாவிட்டால் பிடியை விட்டுவிட்டு முதலிலிருந்து தேடவேண்டும். இந்த வரிசையை முதலில் யோசித்து எழுதியவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. இதைப் பாதி புரிந்துகொண்டு வேறு இடத்தில் நகலெடுத்தால் என்ன ஆகும் என்று நினைத்தால் பயமாகவும் இருக்கிறது.

எண்ணிக்கை துல்லியமாக இருந்தும் வரிசை தவறினால் போதும். 2024இல் திருத்தப்பட்ட சிவிஇ-2024-36971 அப்படிப்பட்டது. சாக்கெட் தன்னிடம் வைத்திருக்கும் ரூட்டிங் பதிவு பழுதாகிவிட்டால் தூக்கிப் போடும் பாதை. முதலில் சாக்கெட்டிலிருந்து சுட்டியை (பதிவு இருக்கும் நினைவக முகவரி) அழித்துவிட்டு, அப்புறம் பிடியை விடவேண்டும். நிரல் முதலில் பிடியை விட்டது. ஒரு கூட்டலுக்கு ஒரு கழித்தல், எண்ணிப் பார்த்தால் குறையே இல்லை. ஆனால் பிடியை விட்ட பிறகும் சுட்டி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது, அந்த இடைவெளியில் இன்னொருவர் அதை எடுத்துக்கொள்ள முடிந்தது. குறிவைத்த தாக்குதல்களில் இது பயன்பட்டதற்கான அறிகுறிகள் இருப்பதாக அந்த ஆண்டு ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு பாதுகாப்பு அறிவிப்பு சொன்னது. எண்ணிப் பார்க்கும் எந்தக் கருவியும் இதைக் காட்டிக்கொடுத்திருக்காது.

இனி உங்கள் கையில் இருப்பவற்றைப் பற்றி.

டிராக்கர் இருக்கிறது. 2022இல் வந்த 5.17 பதிப்பில் ரெஃப்_டிராக்கர் சேர்ந்தது. ஒவ்வொரு பிடிக்கும் ஒரு சீட்டு. எடுக்கும்போது எந்த இடத்திலிருந்து எடுத்தோம் என்ற அழைப்புப் பாதை பதிவாகும். விடும்போது அதே சீட்டைக் காட்டவேண்டும். சீட்டே இல்லாமல் விட வந்தால் அந்த நொடியிலேயே பிடிபடுவீர்கள். சாதனம் போகும்போது பிடி மிச்சமிருந்தால், எடுத்தவரின் முகவரியோடு திரையில் வரும். மடலின் தொடக்கத்தில் சொன்ன அந்த இரவில் இது மட்டும் இருந்திருந்தால், வாரக்கணக்கில் தேடியதை ஒரு மணி நேரத்தில் முடித்திருப்பேன். கெர்னலைக் கட்டும்போது இதை அணைத்துவிட்டால் வேகத்திலும் இடத்திலும் எந்தச் செலவும் இல்லை.

இது பலன் தருமா என்ற கேள்விக்கும் பதில் கிடைத்துவிட்டது. 2022 ஏப்ரலில் திருத்தப்பட்ட, யூ32 பாக்கெட் வகைப்படுத்தியின் பக் அதற்குச் சாட்சி. நேம்ஸ்பேஸின் சுட்டி வைக்கப்பட்டிருந்தது, ஆனால் பிடி இன்னும் எடுக்கப்படவில்லை. பிழைப்பாதையோ பிடி இருப்பதாக நம்பி அதை விட்டது. 4.14 பதிப்பிலிருந்து அங்கே இருந்த தவறு இது. அதிகப்படியான புட் நடக்கும் நொடியிலேயே இப்போது கண்டுபிடிக்க முடிகிறது, முன்பெல்லாம் வெகுநேரம் கழித்து, ஒரு தப்பும் செய்யாத வேறொரு பாதையில்தான் வெடிக்கும் என்பதே அந்தத் திருத்தத்தின் குறிப்பில் இருக்கும் செய்தி. சுட்டி இருப்பதும் பிடி இருப்பதும் ஒன்றல்ல என்பதைத்தான் அந்தச் சீட்டு காட்டியது. அடுத்த ஆண்டே அதே யூ32இல் இன்னொரு பிழைப்பாதை, ஃபில்டரைப் பிணைத்து எண்ணை மாற்றிவிட்டு, அடுத்த வரியில் தோற்றதும் பிணைப்பை அவிழ்க்காமல் திரும்பியது. சிவிஇ-2023-3609.

ஆகவே பராமரிப்பவர்களிடம் என் வேண்டுகோள்: புதிய நிரலில் வெறும் டெவ்_ஹோல்ட், டெவ்_புட் வந்தால் திருப்பி அனுப்புங்கள். டிராக்கரோடு கூடிய நெட்டெவ்_ஹோல்ட், நெட்டெவ்_புட் இருக்கின்றன. பழையவற்றை மாற்றுவது பெரிய வேலை, ஒரே நாளில் ஆகாது என்று தெரியும். புதிதாகச் சேர்வதையாவது நிறுத்தலாம். சாக்கெட்டுக்கும் இதேபோன்ற சீட்டு வேண்டும் என்று நினைக்கிறேன். அதன் செலவு அதிகம் என்று சொல்வீர்கள். சோதனைக் கெர்னலில் மட்டும் இருந்தால் போதும்.

இன்னொன்று பெயர்கள் பற்றியது. ஒரு ஃபங்ஷன் பிடி எடுத்துக்கொண்டு திரும்புகிறதா இல்லையா என்பது அதன் பெயரிலேயே தெரியவேண்டும். தூங்கும் சாதனத்தை எழுப்பும் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். அது தோற்றாலும் எண்ணைக் கூட்டியே வைத்திருக்கும். தோற்றுப்போன ஒன்றுக்கு எதற்கு நாம் புட் செய்யவேண்டும் என்றுதான் எந்த மனிதரும் நினைப்பார். டிரைவர் டிரைவராக இதே கசிவு வந்தது. 2020 கடைசியில், ஓர் ஈதர்நெட் டிரைவரின் கசிவைத் திருத்தும்போது, பிஎம்_ரன்டைம்_ரிசூம்_அண்ட்_கெட் என்ற புதிய ஃபங்ஷனைச் சேர்த்தார்கள். தோற்றால் தானே எண்ணைக் குறைத்துவிடும். நூறு டிரைவர் எழுத்தாளர்களைத் திட்டுவதைவிட இந்த ஒரு ஃபங்ஷன் செய்த நன்மை பெரிது. வன்பொருள் விவரங்களை அடுக்கிவைத்த டிவைஸ் ட்ரீயின் நோடுகளைச் சுற்றும் லூப்பும் அப்படித்தான். ஒவ்வொரு சுற்றிலும் முந்தைய நோடை விட்டு அடுத்ததைப் பிடிக்கும். நடுவில் பிரேக் போட்டு வெளியே வந்தால் கையில் ஒரு பிடி மிச்சமிருக்கும், அதை விடவேண்டியது நம் பொறுப்பு. மேலே பார்த்தால் சாதாரண லூப் போலத்தான் தெரியும். இதற்கு ஸ்கோப்டு என்ற பெயரோடு, தானே விடும் வடிவம் 2024இல் வந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு கருத்து வேறுபாட்டையும் மறைக்காமல் சொல்கிறேன். 2023இல் 6.5 பதிப்பில், நிரல் தொகுதியின் எல்லையைத் தாண்டினால் பிடியைத் தானாக விடும் வசதிகள் கெர்னலுக்கு வந்தன. வலையமைப்புப் பகுதியின் வழிகாட்டி இவற்றைச் சந்தேகத்தோடு பார்க்கிறது. 20 வரியைத் தாண்டிய ஃபங்ஷனில், பூட்டைத் தானே விடும் கார்டு வேண்டாம் என்கிறது. தானாக விடுவிக்கச் சொல்லும் அடிமட்டமான ஃப்ரீ குறிப்பை டிரைவர்களிலும் மையப்பகுதியிலும் நேரடியாகப் பயன்படுத்துவதை ஊக்குவிப்பதில்லை. அந்தத் தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் ஒன்றை மறுஆய்வில் பிடிப்பது கடினம், பழைய கெர்னல்களுக்குத் திருத்தத்தைக் கொண்டுபோவதும் சிக்கல். ஆனால் மேலே நான் சொன்ன பக்குகளை மறுபடி பாருங்கள். யூ32இன் இரண்டு பக்குகள், என் சொந்தப் பக், எல்லாமே பிழைப்பாதையில் நடந்தவை. யாரும் ஓட்டிப் பார்க்காத பாதை அது. அங்கே மனிதக் கவனத்தை மட்டும் நம்பிப் பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. உதவி ஃபங்ஷன்களுக்குள்ளும் லூப்புகளுக்குள்ளும் இவற்றைப் பயன்படுத்த உங்கள் வழிகாட்டியே இடம் தருகிறது. அந்த இடத்தையாவது தாராளமாக்குங்கள். டிரைவர்கள் புட் பற்றி யோசிக்கவே தேவையில்லாத ஹெல்பர்களை நீங்களே முன்வந்து தாருங்கள்.

பேட்ச் அனுப்புகிறவர்களே, முக்கியமாகப் புதிதாக வருகிறவர்களே. நிரலில் தவறான வடிவங்களைத் தேடும் காக்சினெல் போன்ற கருவி ஓர் இடத்தைக் காட்டினால் அது ஆரம்பம் மட்டும்தான். கருவி சொன்னது என்பதற்காகப் புட் சேர்க்காதீர்கள். அந்தப் பிடி வேறொரு அமைப்புக்குக் கைமாறியிருக்கலாம், அந்த அமைப்பு அழியும்போது அது விடப்படலாம். குறிப்பில் மூன்று வாக்கியம் எழுதுங்கள்: இந்த ஃபங்ஷன் இந்தப் பிடியை எடுக்கிறது, சாதாரணமாக இவர் விடுகிறார், இந்தப் பிழைப்பாதையில் மட்டும் இந்தக் காரணத்தால் யாரும் விடுவதில்லை. மூன்றாவது வாக்கியத்தை எழுத வரவில்லை என்றால் பக் இன்னும் உங்களுக்குப் புரியவில்லை என்று பொருள். அப்புறம் ஃபிக்ஸஸ் வரியில் எந்த மாற்றத்தில் தவறு நுழைந்தது என்று சரியாகக் குறிப்பிடுங்கள். அதை வைத்துத்தான் பழைய கெர்னல்களைப் பராமரிப்பவர்கள் முடிவெடுக்கிறார்கள். பிழைப்பாதையைச் செயற்கையாகத் தோற்கவைத்து ஓட்டிப்பார்க்க ஃபால்ட் இன்ஜெக்ஷன் வசதி கெர்னலிலேயே இருக்கிறது. அதை ஓட்டியதாகக் குறிப்பில் ஒரு வரி இருந்தால் மறுஆய்வு செய்கிறவரின் பாதிச் சுமை குறையும்.

நிறுவனங்களுக்கு ஒரு சொல். உங்கள் வாடிக்கையாளர் "வெயிட்டிங் ஃபார்" வரியோடு வந்தால் ரீபூட் செய்யச் சொல்லிப் புகாரை மூடாதீர்கள். அந்த வரிக்குப் பின்னால் ஒரே ஒரு பக் இருந்ததில்லை, வெவ்வேறு பக்குகள் ஒரே முகத்தோடு வந்தன. அதனால்தான் ஆண்டுக்கணக்கில் "சரியாகிவிட்டது", "இல்லை, எனக்கு இன்னும் வருகிறது" என்று மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிராக்கர் இயக்கப்பட்ட கெர்னலை உங்கள் சோதனைக் கூடத்தில் எப்போதும் ஓடவிடுங்கள், வருகிற அறிக்கையை மேலே அனுப்புங்கள். உங்கள் பொறியாளர்கள் அடுத்தவர் பேட்சைப் படிக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கில் எடுங்கள். சிஸ்கேலர் போன்ற கருவிகள் இரவும் பகலும் பக்கைக் கண்டுபிடித்துக் கொட்டுகின்றன. திருத்தவும் திருத்தத்தைச் சரிபார்க்கவும் இருக்கிற ஆட்கள் கொஞ்சம்தான். களைத்துப்போன ஒருவரிடம் போய், இந்தப் பிடி யாருடையது என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள் என்று சொல்வது நியாயமில்லை என்று எனக்கும் தெரியும். ஆட்கள் கூடினால்தான் அந்தக் கேள்வி கேட்கப்படும்.

என் தவறான பேட்ச் திருத்தப்பட்டுவிட்டது. அதே புரோட்டோகாலின் கோப்பில் டிராக்கர் இல்லாத டெவ்_ஹோல்ட் இன்னும் ஐந்து இடத்தில் இருக்கிறது. ஐந்தையும் மாற்றும் பேட்ச் வரிசையை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் எடுப்பவர் யார், விடுபவர் யார் என்று எழுதியிருக்கிறேன். நான்காவதில் மட்டும் மூன்றாவது வாக்கியம் இன்னும் எனக்குக் கிடைக்கவில்லை. கிடைத்ததும், புதிய மாற்றங்களை ஏற்கும் நெட்-நெக்ஸ்ட் கிளை அடுத்து திறக்கும்போது அனுப்புகிறேன். கடுமையாகப் படித்துப் பாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நிரலை நம்பி வேலை செய்யும் ஒரு பொறியாளர்